‘ஏழை படும் பாடு’ பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ள்’ நாவலைச் சுருக்காமல் முழுதாகப் படித்து முடிக்க எனக்கு ஒரு மழைக்காலமும் அடுத்து வந்த கோடையில் பாதியும் பிடித்தது. தமிழில் சுத்தானந்த பாரதியார் அதற்கு வைத்த பெயர் ‘ஏழை படும் பாடு’. அந்தப் பெயரைச் சொன்னால்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரிகிறது. நான் இதைப் படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து ஆளுக்கொரு கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். முடிவு உட்படக் கதை முழுக்க வெளியே வரும். 1862இல் வந்த புத்தகத்துக்கு இன்னும் ரகசியம் காக்க என்னால் ஆகாது.

ஒரு ரொட்டி திருடியதற்கு 19 வருடச் சிறையா? கொஞ்சம் ஓவராக இல்லையா?

எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். ரொட்டிக்குக் கிடைத்தது 5 வருடம்தான். கணக்கு இப்படிப் போகிறது. 1795 குளிர்காலம், ஃபாவ்ரோல் என்ற ஊர். மரக்கிளை வெட்டிப் பிழைக்கும் கதாநாயகன் ழான் வல்ழானுக்கு வேலை இல்லை, வீட்டில் கணவனை இழந்த அக்காவும் அவளுடைய 7 பிள்ளைகளும். ரொட்டிக் கடையின் கண்ணாடியைக் கையால் உடைத்து ஒரு ரொட்டியை எடுக்கிறான். ஆள் குடியிருக்கும் வீட்டில் இரவில் உடைத்துப் புகுந்த திருட்டு என்று சட்டம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறது: 5 வருடம். துலோன் துறைமுகச் சிறையில் நான்காம் வருடம் தப்பிக்கப் பார்க்கிறான், 3 வருடம் கூடுகிறது. ஆறாம் வருடம் மறுபடி, பிடிக்க வந்தவர்களை எதிர்த்தும் விட்டதால் 5 கூடுகிறது. பத்தாம் வருடம் ஒரு 3. பதின்மூன்றாம் வருடம் கடைசி முயற்சி, வெளியே இருந்தது நான்கே மணி நேரம், அதற்கு ஒரு 3. கூட்டினால் 19.

கவனித்தால், இந்தக் கூட்டலில் யாருமே விதியை மீறவில்லை. நீதிபதி லஞ்சம் வாங்கவில்லை, காவலர் பொய் சாட்சி சொல்லவில்லை. ஒவ்வொரு வரியும் சரி, கீழே வரும் மொத்தம் மட்டும் அநியாயம். எனக்கு இந்த நாவல் பிடிபட்டது இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு பக்கத்துக்குப் பக்கம் எண்களாகவே கண்ணில் பட ஆரம்பித்தன. கூலி, கடன், வாடகை, அபராதம், வருடங்கள் என்று ஹ்யூகோ ஒன்றையும் விடுவதில்லை. 1815 அக்டோபரில் வெளியே வரும்போது, 19 வருட உழைப்புக்குத் தனக்கு 171 பிராங்க் வரவேண்டும் என்று வல்ழான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். ஞாயிறு, விடுமுறை, இன்னபிற பிடித்தங்கள் போகக் கையில் கொடுத்தது 109 பிராங்க் 15 சூ. (20 சூ ஒரு பிராங்க். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.) அந்தப் பிடித்தமும் விதிப்படிதான். தன்னை அரசாங்கம் கொள்ளையடித்துவிட்டது என்று அவன் நினைக்கிறான். மறுநாளே ஒரு ஊரில் மூட்டை இறக்கப் போகிறான். சிறையிலிருந்து வந்தவன் என்று காட்டும் மஞ்சள் காகிதத்தைக் கையில் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைத்துக் கொடுக்கிறார்கள், கேட்டால் உனக்கு இது போதும் என்கிறார்கள். தண்டனை முடிந்த பிறகும் பிடித்தம் முடியவில்லை.

இது பிரெஞ்சுப் புரட்சி பற்றிய நாவல்தானே?

இல்லை. பாதிப் பேர் 1789, பாஸ்தீல் கோட்டை, கில்லட்டின் என்று எதிர்பார்த்து வந்து ஏமாறுகிறார்கள். நாவலில் வருவது 1832 ஜூன் 5, 6 தேதிகளில் பாரிஸில் நடந்து இரண்டே நாளில் நசுக்கப்பட்ட ஒரு கிளர்ச்சி. 1830 ஜூலையில் மக்கள் ஒரு மன்னரைத் துரத்தினார்கள், அவர் இடத்தில் லூயி பிலிப் என்ற இன்னொரு மன்னர் வந்து உட்கார்ந்தார். குடியரசு வரும் என்று நம்பிச் சண்டை போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1832இல் காலரா பரவி பாரிஸில் மட்டும் 18,000 பேருக்கு மேல் செத்தார்கள். மக்கள் விரும்பிய ஜெனரல் லமார்க்கும் அதிலேயே போனார். அவருடைய இறுதி ஊர்வலத்தில்தான் தீ பிடித்தது.

அன்று ஹ்யூகோவுக்கு 30 வயது. சண்டை எங்கே என்று பார்க்கப் போய், கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு சந்தில் இரண்டு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். சுவரில் புடைத்துக்கொண்டிருந்த தூண்களை ஒட்டி நின்று தப்பித்ததை நாவலிலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். வரலாற்றுப் புத்தகத்தில் அடிக்குறிப்பாக முடிந்திருக்கவேண்டிய கிளர்ச்சி அது. இன்றைக்கு உலகத்துக்கு அது தெரிந்திருப்பதே இந்த நாவலால்தான்.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

கவலையே படவேண்டாம். பிரெஞ்சு ‘ஜ’ நம் ‘ழ’ பக்கம் கொஞ்சம் சாயும், அதனால் ழான், ழவேர் என்று எழுதுகிறேன். ஜீன் வால்ஜீன் என்று படித்துப் பழகியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடத்தில் பிஷப்பும் வெள்ளி விளக்குத் தண்டுகளும் படித்திருக்கிறேன். அவ்வளவு நல்ல மனிதர் எங்கே இருப்பார்?

நம்மில் நிறையப் பேருக்கு அந்த நாடகம் ஆங்கிலப் பாடத்தில் வந்தது. பிரச்சினை அங்கேதான். திருடனுக்கு வெள்ளியை எடுத்துக் கொடுக்கும் காட்சியை மட்டும் தனியே பிய்த்துப் பார்த்தால் தேவதைக் கதை போலத் தெரியும். நாவலில் அந்த இரவு வருவதற்கு முன்னால் பிஷப் மிரியேலின் வரவு செலவை ஹ்யூகோ பட்டியலாகவே போட்டுக் காட்டுகிறார். அரசு தரும் சம்பளம் வருடத்துக்கு 15,000 பிராங்க். அதில் தனக்கென்று வைத்துக்கொள்வது 1,000. மீதி எந்தப் பள்ளிக்கு, எந்தச் சிறைக் கைதிகளுக்கு, எந்த ஏழை ஆசிரியருக்கு என்று வரி வரியாக இருக்கிறது. பிறகு ஒருநாள் பிஷப் பயணப்படி கேட்கிறார், வண்டிச் செலவுக்கு 3,000 பிராங்க். இத்தனை சின்ன ஊரில் இவருக்கு வண்டி எதற்கு என்று பெரிய மனிதர்கள் கொதிக்கிறார்கள். பணம் வந்ததும் அதையும் பட்டியல் போடுகிறார்: நோயாளிகளுக்கு இறைச்சி சூப், அனாதைக் குழந்தைகளுக்கு இவ்வளவு, கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வளவு. வண்டி கிடையாது. இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னொன்று. பதவிக்கு வந்த புதிதில் பக்கத்து மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார். 26 நோயாளிகள் ஐந்தாறு சின்ன அறைகளில் அடைந்து கிடக்கிறார்கள். பிஷப்பின் மாளிகையில் 60 பேருக்கு இடம் இருக்கிறது, குடியிருப்பது மூன்றே பேர். இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, உங்கள் வீட்டில் நான் இருக்கிறேன், என் வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று மருத்துவமனைக்காரரிடம் சொல்லி வீட்டை மாற்றிக்கொள்கிறார். தர்மம் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. கணக்கில் பிழை, திருத்திவிட்டேன் என்கிற தொனிதான். இதைப் படித்துவிட்டு வெள்ளித் தட்டுக் காட்சிக்கு வந்தால் அது அதிசயமாகத் தெரியாது. பிஷப் வீட்டில் ஓர் இரவு தங்கி வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு போன வல்ழானைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு வரும்போது, விளக்குத் தண்டுகளையும் கொடுத்தேனே, ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்கிறவர் அதே பழைய ஆள்தான்.

அதே பகுதியில் யாரும் பேசாத ஒரு அத்தியாயம் இருக்கிறது, தயவுசெய்து அதைத் தாண்டிவிடாதீர்கள். மலையோரம் தனியாகச் செத்துக்கொண்டிருக்கும் ஒரு கிழவரைப் பார்க்க பிஷப் போகிறார். அவர் 1793 காலத்துப் புரட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், ஊரே அவரை ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த வருடத்து ரத்தத்தைப் பற்றி பிஷப் கேட்கிறார். 1,500 வருடமாக ஒரு மேகம் திரண்டு வந்தது, கடைசியில் வெடித்தது, நீங்கள் இடியைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறீர்கள் என்கிறார் கிழவர். சிறையில் செத்த குட்டி இளவரசனுக்காக அழுகிறீர்களா, சரி, அழுவோம், ஆனால் திருடனின் தம்பி என்ற ஒரே காரணத்துக்காகத் தொங்கவிடப்பட்டுச் செத்த ஏழைச் சிறுவனுக்கும் சேர்த்து அழவேண்டும் என்று பேரம் பேசுகிறார். பாவமன்னிப்புக் கொடுக்கப் போன பிஷப், முடிவில் மண்டியிட்டு அந்தக் கிழவரிடம் ஆசி கேட்கிறார். 1864இல் கத்தோலிக்கத் திருச்சபை இந்த நாவலைத் தடைப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த அத்தியாயம் ஒரு காரணமாக இருந்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நாவலிலேயே மிகக் கொடுமையான பகுதி எது?

ஃபான்தீன். சந்தேகமே இல்லை. தலைமுடியும் பல்லும் விற்றவள் என்று எல்லோருக்கும் தெரியும். எப்படி விற்றாள் என்பது கணக்காக இருக்கிறது, அதுதான் தாங்கமுடியாதது.

தகப்பன் கைவிட்ட குழந்தை கோஸெத்தை தெனார்தியே என்ற விடுதிக்காரத் தம்பதியிடம் மாதம் 7 பிராங்குக்கு விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வேலைக்குப் போகிறாள். ஆறு மாதப் பணம் முன்கூட்டியே, முதல் செலவுக்கு என்று இன்னும் 15, ஆக 57 பிராங்க் அங்கேயே போய்விடுகிறது. 7 பிறகு 12 ஆகிறது, 12 பிறகு 15 ஆகிறது. அவள் வேலை பார்க்கும் பாசிமணி ஆலை யாருடையது? பெயரை மாற்றிக்கொண்டு மேயராகவே ஆகிவிட்ட வல்ழானுடையது. ஆலையில் பெண்கள் ஒழுக்கமாக இருக்கவேண்டும் என்று அவர் விதி போட்டிருக்கிறார், நல்ல எண்ணத்தில்தான். அவளுக்குக் குழந்தை இருப்பதைக் கண்டுபிடித்த மேற்பார்வைக்காரி அந்த விதிப்படி 50 பிராங்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறாள். மேயருக்கு விஷயமே தெரியாது. நாவலின் மிக நல்ல மனிதன் போட்ட விதியே அவளைத் தெருவுக்குத் தள்ளுகிறது என்பதை ஹ்யூகோ சத்தம் போடாமல் சொல்லிவிட்டு நகர்கிறார்.

அப்புறம் பட்டாளத்துச் சட்டை தைக்கிறாள். நாளுக்கு 12 சூ வருமானம், குழந்தைக்கு 10 சூ செலவு. மிச்சம் 2 சூ. பாவாடையைப் போர்வையாக்கிக்கொள்ளவும், மெழுகுவர்த்தி தீர்ந்துவிடும் என்று எதிர்வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் சாப்பிடவும் கற்றுக்கொள்கிறாள். குளிருக்கு உடுப்பு வேண்டும் என்று கடிதம் வருகிறது, தலைமுடி 10 பிராங்குக்குப் போகிறது. அந்தப் பணத்தில் அவள் வாங்கி அனுப்பிய கம்பளிப் பாவாடையை விடுதிக்காரர்கள் தங்கள் மகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல், மருந்துக்கு 40 பிராங்க் என்று பொய்க் கடிதம். முன்பல் இரண்டும் 40 பிராங்குக்குப் போகின்றன. இதற்குப் பிறகுதான் நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் வருகிறது. சிறை வேலையைக் குத்தகைக்கு எடுத்த ஒருவன் பெண் கைதிகளை வைத்து மலிவாகத் தைத்துக் கொடுக்க ஆரம்பிக்கிறான், சந்தையில் கூலி விழுகிறது. வெளியே இருக்கும் பெண்களுக்கு 17 மணி நேரம் தைத்தாலும் இப்போது 9 சூதான். அடுத்த கடிதம் 100 பிராங்க் கேட்கிறது. ஒரு நாளில் 100 சூ சம்பாதிக்கும் தொழில் எங்கே இருக்கிறது என்று யோசிக்கிறாள். சரி, மிச்சம் இருப்பதையும் விற்றுவிடுவோம்.

தெருவில் நிற்கும் அவள் முதுகில் ஒரு வெட்டிப் பயல் பனியை அள்ளிப் போடுகிறான், அவள் பாய்ந்து பிறாண்டுகிறாள், இன்ஸ்பெக்டர் ழவேர் அவளைப் பிடித்து 6 மாதம் என்கிறார். அவள் அலறுவதைப் பாருங்கள்: ஆறு மாதம், நாளுக்கு 7 சூ சம்பாதித்துக்கொண்டு! எந்தச் சிறைக் கூலி அவளுடைய கூலியை விழவைத்ததோ, அதே கூலிக்கு அவளை உள்ளே தைக்க அனுப்புகிறார்கள். வெளியே 9, உள்ளே 7. வட்டம் முடிந்துவிட்டது. இந்தப் பனிக்கட்டிச் சம்பவம் கற்பனை இல்லை. 1841 ஜனவரியில் ஹ்யூகோ பாரிஸில் கண்ணால் பார்த்தது, காவல் நிலையத்துக்கே போய் அந்தப் பெண்ணுக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

ழவேர் வில்லனா இல்லையா?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சண்டையே உண்டாக்கியது. 1950இல் வந்த ‘ஏழை படும் பாடு’ படத்தில் அந்த இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு ‘ஜாவர்’ என்ற பெயரே ஒட்டிக்கொண்டு ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். அந்தப் பாத்திரத்துக்கு இருக்கும் வலு அப்படி.

என் பதில்: வில்லன் தெனார்தியே. ழவேர் ஒரு நேர்மையான கணக்குப்பிள்ளை. சிறைக்குள்ளேயே பிறந்தவர். அம்மா குறி சொல்லிப் பிழைத்தவள், அப்பா கைதி. சமூகத்தைத் தாக்குகிறவர்களுக்கும் காக்கிறவர்களுக்கும் அதற்குள் இடம் இல்லை என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டு, காக்கும் பக்கத்தில் நின்றுவிட்டார். லஞ்சம் தொடமாட்டார். மேயர்மீது தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று நினைத்தபோது அவரிடமே போய், என்னை வேலையைவிட்டு நீக்குங்கள், நானாக விலகினால் கௌரவமாகிவிடும், நீக்கத்தான் வேண்டும் என்று நிற்கிறார். மற்றவர்களுக்கு வைத்த தராசில் தன்னையும் வைக்கிறவரை வில்லன் என்று எப்படிச் சொல்வது?

1832 கிளர்ச்சியில் தெருவை மறித்துக் கட்டிய தடுப்பரணில் அவரைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் வல்ழான் விட்டுவிடுகிறான். பிறகு வல்ழானைப் பிடிக்க வாய்ப்புக் கிடைத்தும் இவர் விட்டுவிடுகிறார். ஐந்தொகை இடிக்கிறது. பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு தொகை முதல்முறையாக அவர் ஏட்டில் விழுந்திருக்கிறது. காவல் நிலையம் போய், ஒரு தாள் கேட்டு, பணி நலனுக்காகச் சில குறிப்புகள் என்று தலைப்புப் போட்டுப் பத்து விஷயம் எழுதுகிறார். விசாரணை முடிந்து வரும் கைதிகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கல்தரையில் நிற்கவைத்துச் சோதனை போடுகிறார்கள், இருமலோடு திரும்புகிறார்கள், மருத்துவச் செலவு கூடுகிறது. ஒரு சிறையில் காசு கொடுத்தாலும் கைதிக்கு நாற்காலி தருவதில்லை, காரணம் புரியவில்லை. நெசவுப் பட்டறையில் ஒரு நூல் விட்டுப்போனால் 10 சூ பிடிக்கிறார்கள், துணிக்கு அதனால் ஒரு குறையும் இல்லை, இது குத்தகைக்காரரின் அத்துமீறல்.

கையெழுத்துப் போட்டு, தேதி 1832 ஜூன் 7, நேரம் இரவு சுமார் ஒரு மணி என்று குறித்து, மடித்து மேசையில் வைத்துவிட்டு, எழுந்து போய் ஸேன் ஆற்றில் விழுந்துவிடுகிறார்.

அந்த 10 சூவை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். ஃபான்தீனுக்கு அவர் விதித்த சிறையில் நாளுக்கு 7 சூ. ஒரு நூலுக்குப் பிடித்தம் 10 சூ. வேறு சிறை, வேறு வருடம்தான், இருந்தாலும் ஒன்றரை நாள் கூலி ஒரு நூலுக்குப் போகிறது. வாழ்நாள் முழுக்க ஆட்களை உள்ளே அனுப்பிய மனிதர், சாகப் போகும் கடைசி அரைமணி நேரத்தில் அந்தக் கூலி கணக்கைத் திருத்தச் சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போகிறார். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் கேட்ட மன்னிப்பாகத்தான் அதை என்னால் படிக்க முடிகிறது. ஹ்யூகோ அப்படிச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு.

புரட்சியை நாவல் ஆதரிக்கிறதா?

ஆமாம், ஆனால் கைநடுக்கத்தோடு. தடுப்பரண் பகுதியைச் சினிமாவில் கொடியும் பாட்டுமாகப் பார்த்தவர்கள் புத்தகத்தில் மூன்று இடத்தைத் தேடிப் படிக்கலாம்.

முதலாவது, தலைவன் ஆன்ழோல்ரா. கிளர்ச்சிக்காரர்களோடு வந்து சேர்ந்த ஒருவன் கதவைத் திறக்க மறுத்த காவல்காரக் கிழவரைச் சுட்டுவிடுகிறான். ஆன்ழோல்ரா அவனை மண்டியிட வைத்து ஒரு நிமிடம் கொடுத்துத் தன் கையாலேயே சுடுகிறான். சுட்டுவிட்டு, இவனைக் கொன்றதன் மூலம் எனக்கும் நான் தீர்ப்பு எழுதிக்கொண்டேன் என்கிறான். இரண்டாவது, எதிரிப் பீரங்கியின் பொறுப்பாளன், இளைஞன், அழகன். அவன் உனக்குத் தம்பியாகக்கூட இருக்கலாமே என்று நண்பன் தடுக்கிறான். தம்பிதான் என்று பதில் சொல்லிவிட்டு, கன்னத்தில் ஒரு துளி உருள, ஆன்ழோல்ரா விசையை அழுத்துகிறான்.

மூன்றாவது மறுபடி கணக்கு. தோற்பது உறுதியாகிவிட்டது. 30 பேர் போதும், 40 பேர் எதற்குச் சாகவேண்டும், குடும்பம் இருப்பவர்கள் போங்கள் என்கிறார்கள். யாரும் நகர்வதில்லை. கடைசியில் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்து, உனக்குத் தங்கைகள் இருக்கிறார்கள், நீ போ, உனக்கு அம்மா, நீ போ என்று ஐந்து பேரைப் பொறுக்குகிறார்கள். வேஷம் மாற்றி வெளியேறச் சீருடை இருப்பது நான்கு. யார் தங்குவது என்று தகராறு. அப்போது அந்தக் குவியல்மேல் ஐந்தாவதாக ஒரு சீருடை வந்து விழுகிறது. வல்ழான் தன்னுடையதைக் கழற்றிப் போட்டிருக்கிறான். பிஷப்பிடம் படித்தவன் வேறு எப்படிக் கணக்குப் போடுவான்?

அதே தடுப்பரணின்மேல் ஏறி நின்று, 19ஆம் நூற்றாண்டு மகத்தானது, 20ஆம் நூற்றாண்டோ மகிழ்ச்சியாக இருக்கும் என்று ஆன்ழோல்ரா பேசுகிறான். இனிப் போர் இருக்காது, பஞ்சம் இருக்காது. 20ஆம் நூற்றாண்டு எப்படிப் போனது என்று தெரிந்த நமக்கு அந்தப் பேச்சைப் படிப்பது தர்மசங்கடம். கவிஞர் லமார்த்தீனுக்கு அப்போதே கோபம். மக்களுக்கு ஊட்டக்கூடிய மிகக் கொடிய வேட்கை, நடக்கமுடியாததின்மீது கொள்ளும் வேட்கைதான் என்று இந்த நாவலைப் பற்றி எழுதினார். தள்ளிவிடக்கூடிய கருத்து இல்லை. 1848இல் மறுபடி ஒரு புரட்சி வந்தபோது ஆட்சிப் பொறுப்பில் இருந்து பார்த்தவர் அவர்.

ஹ்யூகோ சொந்த வாழ்க்கையில் எப்படி?

சங்கடமான கேள்வி. 1845 ஏப்ரலில் மன்னர் அவரைப் பிரபுக்கள் சபை உறுப்பினராக்கினார். அதே ஜூலையில் இன்னொருவர் மனைவியோடு கையும் களவுமாகப் பிடிபட்டார். சபை உறுப்பினர் என்பதால் அவரை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணை, லெயோனி பியார், சிறையில் போட்டார்கள். ஒரே குற்றம், இரண்டு கணக்கு. அந்த வருடக் கடைசியில்தான் இந்த நாவலை எழுதத் தொடங்கினார். இரண்டையும் முடிச்சுப் போடுவது என் துணிச்சல், ஆனால் ஃபான்தீனைப் படிக்கும்போது லெயோனி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர்கள் எழுந்தபோது அவர் நின்றது அரசாங்கத்தின் பக்கம். தடுப்பரண்களை அடக்கப் போன 60 மக்கள் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். 1849 முதல் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார். 1851 டிசம்பரில் ஜனாதிபதி லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபோது எதிர்த்து நின்றார், தலைமறைவானார், நாட்டைவிட்டு ஓடினார். 1848இல் பாதியில் நின்ற நாவலை 1860இல் கெர்ன்ஸி தீவில் மறுபடி கையில் எடுத்தார். ஆக, தடுப்பரணை வெளியிலிருந்து அடக்கப் போனவரும் உள்ளேயிருந்து எழுதியவரும் ஒரே ஆள். ஐந்தாம் பாகம் 1848இன் இரண்டு பெரிய தடுப்பரண்களை வர்ணித்துக்கொண்டு தொடங்கும், கதைக்கு அது தேவையே இல்லை. அவருக்குத் தேவையாக இருந்திருக்கிறது.

வாட்டர்லூ, கன்னியர் மடம், சாக்கடை... இதையெல்லாம் தாண்டிப் படிக்கலாமா?

தாராளமாக. 365 அத்தியாயம், எல்லாவற்றுக்கும் கட்டுப்படவேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. வாட்டர்லூ சண்டையில் கடைசி அத்தியாயத்தை மட்டும் விடாதீர்கள், தெனார்தியே பிணங்களிடம் திருடுவது அங்கேதான். கன்னியர் மடத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன், வருத்தமில்லை. சாக்கடையைப் படியுங்கள். பாரிஸ் வருடத்துக்கு 25 மில்லியன் பிராங்கைக் கடலில் கொட்டுகிறது, எப்படி என்றால் வயலுக்கு எருவாகப் போகவேண்டிய கழிவாக, என்று ஆரம்பித்து விவசாயக் கணக்கே போடுகிறார் மனிதர்.

தமிழில் கிடைக்குமா?

சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்ப்புதான் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கதையைக் கொண்டுவந்தது. அவர் புதுச்சேரியில் பல வருடம் வாழ்ந்தவர், பிரெஞ்சு தெரிந்தவர். ஹ்யூகோவின் இன்னொரு நாவலையும் ‘இளிச்சவாயன்’ என்று தந்திருக்கிறார். எனக்கு அந்தத் தலைப்புகள்மேலேயே ஒரு மோகம் உண்டு. ‘மிசெராப்ள்’ என்றால் பரிதாபத்துக்குரியவர்கள் என்றும் அர்த்தம், கேடுகெட்டவர்கள் என்றும் அர்த்தம். தமிழில் ஒரே சொல்லில் அந்த இரண்டும் வராது. ‘பாடு’ என்று வினையைப் பிடித்தது கெட்டிக்காரத்தனம்.

குறையே இல்லையா?

ஏன் இல்லை. கோஸெத் குழந்தையாக இருக்கும்வரை உயிரோடு இருக்கிறாள். பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீர் எடுக்கப் போவாளே, அந்தப் பிள்ளை வளர்ந்ததும் ஜன்னலோரப் பொம்மை ஆகிவிடுகிறாள். அவளைக் கட்டிக்கொள்ளும் மாரியுஸ் எனக்கு எரிச்சல். அவளை எடுத்து வளர்த்த வல்ழான் கொடுத்த கிட்டத்தட்ட 6 லட்சம் பிராங்கைத் திருட்டுப் பணம் என்று நினைத்துத் தொடமாட்டானாம், ஆனால் தன்னைச் சாக்கடை வழியாகச் சுமந்துவந்து காப்பாற்றியது யார் என்று விசாரித்துக் கண்டுபிடிக்கவும் துப்பில்லை. பாரிஸ் முழுவதிலும் எல்லோரும் எல்லோரையும் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டே இருப்பார்கள், அதையும் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

அழுகை வருமா?

எல்லோரும் வல்ழான் சாகும்போது அழுததாகச் சொல்கிறார்கள். எனக்கு அங்கே வரவில்லை. எனக்கு வந்தது மபோஃப் என்ற கிழவரிடம்.

எண்பது வயது. அரசியல் தெரியாது. செடிகளும் பழைய புத்தகங்களும்தான் உலகம். வறுமை முற்ற முற்ற, ஒவ்வொன்றாகப் புத்தகங்களை விற்றுச் சாப்பிடுகிறார். கடைசியில் ஒரே ஒரு அரிய புத்தகம் மிஞ்சுகிறது. வேலைக்காரக் கிழவிக்கு உடம்பு சரியில்லை, மருந்து வாங்கக் காசில்லை. அந்தப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போகிறார், பணத்தோடு திரும்பி வந்து அவள் படுக்கைப் பக்கத்தில் வைக்கிறார். மறுநாள் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது. மண்வெட்டியோடு போகும் தோட்டக்காரனைக் கேட்கிறார். கலவரம் என்கிறான் அவன். மபோஃப் எழுந்து உள்ளே போய்த் தொப்பியை எடுக்கிறார். வெளியே கிளம்பும்போது எப்போதும் அக்குளில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்வது பழக்கம், கை தானாகத் தேடுகிறது. ஒன்றும் இல்லை. அட, ஆமாம்ல என்று சொல்லிக்கொண்டு, திசை தெரியாதவர் மாதிரி அந்தச் சத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பிக்கிறார்.